பதினாலாம் இணைப்பில் மஞ்சள்

கட்டைவிரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

காலை ஒன்பது மணி இருக்கும். குகைக்குள் நிற்கிறேன். நிஜக் குகை இல்லை. கம்பி கட்டி, சிமென்ட் பூசி, பாறை மாதிரி வண்ணம் அடித்த குகை. ரோலர் கோஸ்டர் தடம் இதற்குள் நுழைந்து, ஒரு திருப்பம் திரும்பி, அந்தப் பக்கமாக வெளியே போகும். தடத்தில் ஒரு பாலிதீன் தாள் சிக்கியிருக்கிறது, எடுத்துவிடு என்று வாக்கி டாக்கியில் சொன்னார்கள். ஆளை மேலே தூக்கும் லிஃப்ட் மேடையில் ஏறிப் போய், தடுமாறாமல் இருக்க இடது கையால் தடத்தின் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தாளை இழுத்தேன். கையை எடுத்தபோது விரல் மஞ்சளாக இருந்தது.

பெயின்ட் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாங்கள் போல்ட்டில் கோடு போடும் பெயின்ட் மார்க்கர் மை காய்ந்துவிட்டால் தின்னர் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. இது விரலோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன். சமையல் மஞ்சள்தூள். நல்லெண்ணெய் வாசனை வேறு.

பதினொரு மணிக்கு வண்டி முதல் முறையாக, ஆள் ஏற்றாமல் காலியாக ஓடப் போகிறது. வெளியே ஷாமியானா போட்டு, முதலாளி வீட்டு ஆட்களுக்கான நாற்காலிகளுக்கு வெள்ளைத்துணி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் பிடித்துக்கொண்டு நின்றது பதினாலாம் இணைப்பு. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான்.

மூன்று வாரமாக இந்தத் தொடரில் கார் தொழிற்சாலைக் கதையையே இழுத்துக்கொண்டிருக்கிறாயே, ரோலர் கோஸ்டர் எப்போதுதான் வரும் என்று மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். வந்துவிட்டது அக்கா. ஆனால் இந்தக் கதையை மஞ்சளிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

க்ளிக், ஒரு கோடு

இதற்கு முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. நான் பிள்ளைப்பாக்கத்துக்காரி. பெயர் ரோஸ்லின். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் நாலு வருடம் இருந்தேன். காரில் சீட் மாட்டுவது என் வேலை. ஒரு சீட்டுக்கு நாலு போல்ட். ஸ்பேனர் ‘க்ளிக்’ என்று சொல்லும் வரை முறுக்க வேண்டும். க்ளிக் வந்ததும் மஞ்சள் மார்க்கரை எடுத்து, போல்ட்டின் தலையில் ஆரம்பித்து அடியில் இருக்கும் தகடு வரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு கோடு.

அந்தக் கோடுதான் எங்களுக்கு எல்லாம். அளவாக முறுக்கியாயிற்று என்று அர்த்தம். பிறகு எப்போதாவது போல்ட் கழன்றால், கோடு இரண்டாக உடைந்து, தலையில் ஒரு துண்டும் தகட்டில் ஒரு துண்டுமாக விலகி நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

நாலு வருடத்தில் எத்தனை கோடு இழுத்தேனோ, கை அதற்கே பழகிவிட்டது. சிநேகிதி கல்யாணத்துக்குப் பத்திரிகை முனையில் மஞ்சள் தடவ என்னை உட்கார வைத்தார்கள். அரைமணி நேரம் கழித்து அவள் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பத்திரிகைக்குப் பொட்டு வெய்யின்னா ரோடு போட்டு வெச்சிகினு கீற" என்றார். எல்லாப் பத்திரிகையிலும் ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் கோடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அத்தனை சீட் மாட்டினேனே, அதில் ஒன்றிலாவது உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் போயிருப்பேனா? கிடையாது. கார் வரிசையாக நகர்ந்து போய்க்கொண்டே இருக்கும். நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். காண்ட்ராக்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்த அன்று எனக்கு ஆத்திரம் வந்தது அதை நினைத்துத்தான்.

மெட்ரோ வருதாம்

பிறகு இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில், தடத்தின் இணைப்புகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. ஒரகடம் தாண்டி, தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு பெரிய வெட்டவெளி. முதல் ஆறு மாதம் அங்கே தூண்கள்தான் வளர்ந்தன. வெள்ளைத் தூண்கள், ஒன்றைவிட ஒன்று உயரமாக. என்ன கட்டுகிறார்கள் என்று பலகைகூட இல்லை.

எங்கள் பக்கத்து மனை புரோக்கர்களுக்கு அது போதாதா. சென்னையிலிருந்து மனை பார்க்க வந்தவர்களை வண்டியை நிறுத்தி இறக்கி, "பாத்துக்கோ சார், மெட்ரோ பில்லர் வந்துருச்சி" என்று காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நாலைந்து மாதம் இந்த மெட்ரோ நன்றாகவே ஓடியது. அப்புறம் தடத்தின் ஒரு துண்டைத் தூண்மேல் வட்டமாக, தலைகீழாக மாட்டினோம். அன்றோடு மெட்ரோ நின்றது.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி ஷேர் ஆட்டோவில்தான் வேலைக்கு வருவேன், சேர்ந்த புதிதில் சில மாதம் மறைமலைநகரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். ஆட்டோக்கார அண்ணன் தினமும் தூண்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் கேட்டுவிட்டார்.

"யம்மா, நீ அதுலதான வேலை செய்யிற? இது எந்த ஸ்டேஷன் வரிக்கும் போவுது?"

"கௌம்பின எடத்துக்கே திரும்பி வந்துரும்ணே."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்றம் எதுக்குப் போவுது?" என்றார்.

ஆட்டோவில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் வண்டி

எங்கள் சைட்டுக்குத் தலைமை எஞ்சினியர் தாமோதரன் சார். காஞ்சிபுரத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். பேசினால் அது உத்தரவாகத்தான் இருக்கும். நான் சேர்ந்த அன்று என்னிடம் ஒரு கோப்பைக் காட்டினார். தடத்தின் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தாள், மின்சாரம், பிரேக்குக்குத் தனித் தாள்கள், ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கட்டம். சரிபார்த்தவர் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"வண்டி ரெடியானதும், மனுஷங்க ஏறுற முதல் டிரிப்புல இதுல கையெழுத்துப் போட்டவங்கதான் ஒக்காரணும். வேற யாரும் கெடையாது. முதலாளியே கேட்டாலும் கெடையாது. ஒக்கார தைரியம் இல்லன்னா பேனாவ இப்பவே வெச்சிரு" என்றார்.

நான் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு அது மிரட்டல். எனக்கு அது டிக்கெட். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு: முதல் வண்டி. என் கையால் பார்த்த தடத்தில், நான் உட்கார்ந்து போகப் போகிறேன். இடம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன், மூன்றாவது வரிசை, இடது ஓரம். வீட்டில் அம்மாவிடம் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"தலகீழாப் போவும்போது கம்மல் கழண்டு வுழுந்துராது?" என்று அம்மா கேட்பார். இரண்டு நாள் கழித்து, "வவுத்துல இருக்குற சோறு இன்னாத்துக்கு ஆவும்?" என்பார். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு சந்தேகம்.

தடத்தின் உச்சிக்கு முதன்முதலாக ஏறிய நாளை மறக்கவே மாட்டேன். காற்று சட்டையைப் பிடித்து உலுக்குகிறது. ஒரு பக்கம் வல்லக்கோட்டை முருகன் கோவில் கோபுரம், இன்னொரு பக்கம் ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் புத்தம்புது கார்கள் வரிசை வரிசையாக, நடுவில் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள். நான் நாலு வருடம் உள்ளேயே நின்ற தொழிற்சாலையின் கூரையை அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு பெரிசா என்று இருந்தது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். கீழே இருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று வாக்கி டாக்கியில் பதறினார்கள்.

ஆர்வக்கோளாறு

ஆயுத பூஜை வந்தது. கனமான தடத் துண்டுகளை கிரேனில் தூக்கிக் கட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி எல்லப்பன் அண்ணன். வல்லக்கோட்டைக்காரர். வெயிலுக்கு ஒதுங்க இடம் குகைதான் என்று பூஜையை அங்கேயே வைத்துவிட்டார். பொரி, சுண்டல், வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் வந்தது. கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண்.

"ரோசு, பொம்பள கை பட்டா நல்லது. மஞ்சா நீ வெய்யி, குங்குமம் நான் வெக்கிறேன்" என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்.

"அண்ணே, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"அதனால இன்னா, இரும்புக்குத் தெரியப் போவுதா?"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தண்ணீரில் கரைத்த மஞ்சள் இரும்பில் நிற்காமல் வழிந்தது. நானாக மூளையைச் செலவழித்து, விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றிக் குழைத்தேன். பிறகு பிரமாதமாக ஒட்டியது. கிரேன் கொக்கிக்கு வைத்தேன், ஸ்பேனர்களுக்கு வைத்தேன். அப்புறம் அங்கே நின்ற சாரத்தில் ஏறி, அன்று காலைதான் மாட்டியிருந்த தடத்தின் இணைப்புக்கு வைத்தேன். ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்க வேண்டியதுதானே. இல்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் வைத்தேன். பொட்டாகவும் வைக்கவில்லை. போல்ட் தலையில் ஆரம்பித்து தகடு வரைக்கும், ஒரே இழுப்பாக, ஒரு கோடு.

"மஞ்சாவெல்லாம் ஒரே ஆளே காலி பண்ணிட்ட" என்று எல்லப்பன் அண்ணன் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். சுண்டல் தின்று, சிரித்து, வீட்டுக்குப் போய்விட்டோம்.

அந்த போல்ட்டுகள் அப்போது கையால்தான் இறுக்கப்பட்டிருந்தன. மறுநாள் முறுக்கும் இயந்திரத்தோடு வந்து, அளவாக முறுக்கி, மார்க்கரால் மஞ்சள் கோடு போடுவது எசக்கியின் வேலை. எசக்கி தென்காசிப் பக்கத்து ஆள், என் வயதுதான், வேலையில் சுத்தமானவன். அவன் வந்து பார்த்தான். இணைப்பில் அழகாக மஞ்சள் கோடு இருந்தது. முந்தைய ஷிப்ட் முடித்துவிட்டது என்று நினைத்து அடுத்த இணைப்புக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து நான் சரிபார்க்க வந்தேன். அதற்குள் சாரத்தைப் பிரித்திருந்தார்கள், எண் பலகை மாட்டியிருந்தார்கள், இடமே வேறு மாதிரி இருந்தது. லிஃப்ட் மேடையை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வரட்டும் என்று காத்திருக்காமல், கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு போல்ட், பன்னிரண்டு மஞ்சள் கோடு. என் கோட்டை நானே பார்த்து, சரி என்று நானே கையெழுத்துப் போட்டேன். குகைக்குள் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. எண்ணெயில் குழைத்த மஞ்சள் எத்தனையோ வாரம் அப்படியே இருந்தது.

ஒன்பதரை மணி

மேடையில் நின்றுகொண்டு இதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. எசக்கியைக் கூப்பிடலாம். இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, அரைமணி நேரத்தில் பன்னிரண்டையும் முறுக்கிவிடலாம். துடைத்துவிட்டு மார்க்கரால் கோடு போட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால் என் கையெழுத்து போய்விடும். கையெழுத்து போனால் முதல் வண்டியும் போய்விடும்.

எசக்கியைக் கூப்பிட போனை எடுத்தும்விட்டேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பூஜையன்று நான் எத்தனை இணைப்புக்கு மஞ்சள் வைத்தேன்? ஒன்றா, மூன்றா? எனக்கே நினைவில்லை. குகைக்குள் மட்டும்தான் வைத்தேனா, வெளியேயும் வைத்தேனா? அதுவும் நினைவில்லை. கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்த இணைப்புகள் வேறு எத்தனை?

போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினேன்.

தாமோதரன் சார் கன்டெய்னர் ஆபீசில் விருந்தாளிகளுக்காகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், எண்ணெய், கோடு, டார்ச். விரலை நீட்டினேன். அவர் விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை ஜாயிண்ட்?"

"தெரியலைங்க சார்."

சட்டைப் பொத்தானை விட்டுவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தார். "வண்டி கெடையாது. பவர எடுத்துடுங்க. எசக்கிய குகைக்கு வரச் சொல்லுங்க."

முதலாளியின் மேனேஜர் ஓடி வந்தார். "ஒரு ஜாயிண்ட்தானே சார், டைட் பண்ணிட்டு ஓட்டிடலாமே. ஐயா வந்து ஒக்காந்துட்டாரு."

"ஐயாவுக்குக் கேசரி குடுங்க. வண்டி இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு சார் நடந்தார்.

கால் சுற்று

எசக்கி முதல் போல்ட்டில் இயந்திரத்தை மாட்டினான். நாங்கள் எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஏற்கெனவே முறுக்கிய போல்ட்டாக இருந்தால் அசையவே கூடாது. இயந்திரம் உறுமியது. போல்ட் கால் சுற்று சுற்றியது.

அடுத்ததும் கால் சுற்று. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் அதிகம். பன்னிரண்டும் சுற்றின.

எசக்கி கீழே வந்ததும் நேராக சார் முன்னால் போய் நின்றான். "தப்பு எம் மேலதான் சார். மஞ்சக் கோடு கெடந்துச்சுல்லா, முந்துன ஷிப்ட்டுப் பயலுவ முடிச்சிட்டானுவன்னு நெனச்சுட்டேன். தொட்டுப் பாத்திருக்கணும்."

"மஞ்சா கிண்ணத்தக் குடுத்தது நான் சார்" என்றார் எல்லப்பன் அண்ணன். "ஒரு பொட்டு வெய்யின்னு சொல்லிக் குடுத்திருக்கணும். இந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்."

சார் இரண்டு பேரையும் கையமர்த்தினார். என் பக்கம் திரும்பினார். "தப்பு மஞ்சள்ல இல்லம்மா. கீழ நின்னு பாத்த பாரு, அங்க."

பிறகு கோப்பைத் திறந்து பதினாலாம் தாளில் என் கையெழுத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். அதோடு நிற்கவில்லை. ஒன்றிலிருந்து கடைசி வரைக்கும், நான் போட்டிருந்த ஒவ்வொரு கையெழுத்தையும் அடித்தார். பக்கம் புரளும் சத்தமும் பேனா கீறும் சத்தமும் மட்டும்தான் கேட்டது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எல்லா ஜாயிண்ட்டும் மறுபடி பாக்கணும். நீயே ஏறிப் பாரு. கையெழுத்து, சென்னை ஆபீஸ்ல இருந்து வர்ற ஆளு போடுவாரு."

வேலை போகவில்லை. முதல் வண்டி போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நல்லதாப் போச்சி. மாதாதான் காப்பாத்துனாங்க. அந்தக் கண்றாவியில நீ ஏறவே வேணாம்." நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

தண்ணீர் மனிதர்கள்

பதினொரு நாள் ஏறினேன். ஒவ்வொரு இணைப்புக்கும் மேடையில் போய், ஒவ்வொரு கோட்டையும் துணியால் அழுத்தித் துடைத்து, எசக்கி இயந்திரம் வைக்க, அசையவில்லை என்று கண்ணால் பார்த்து, எண்ணைக் கத்துவேன். கீழே சென்னை ஆபீஸ்காரர் குடைக்கடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் பேனாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் பதினாலைத் தவிர வேறு எங்கேயும் ஒரு போல்ட்கூட அசையவில்லை. பூஜைக்கு நான் மஞ்சள் வைத்தது அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

பிறகு ஒருநாள், ஷாமியானா இல்லாமல், கேசரி இல்லாமல், காலி வண்டியை ஓட்டினார்கள். சங்கிலி வண்டியை மேலே இழுத்தது. உச்சியில் ஒரு விநாடி நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் விழுந்தது பாருங்கள், எனக்குச் சிலிர்த்துவிட்டது. காலடியில் தரை அதிர்ந்தது. வட்டத்தில் தலைகீழாகப் போய், குகைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் பீறிட்டு வந்தது. எல்லப்பன் அண்ணன் தலைத்துண்டைக் கழற்றிச் சுழற்றினார். இருந்த கோபமெல்லாம் மறந்து நான் குதித்தேன். இரும்பும் போல்ட்டுமாக நாங்கள் மாட்டியது, இதோ ஓடுகிறது.

அடுத்த சில வாரம் தண்ணீர் மனிதர்கள் போனார்கள். மனித உருவத்தில் பிளாஸ்டிக் பைகள். தண்ணீர் நிரப்பினால் ஒரு ஆள் எடை வரும். தண்ணீர் லாரி வந்து ஒவ்வொருவராக வயிறு நிரப்பிவிட்டுப் போகும். எங்கள் ஆட்கள் அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒருத்தர் மேனேஜர், ஒருத்தர் மனை புரோக்கர், மூன்றாவது வரிசை இடது ஓரத்தில் இருந்தவளுக்கு ரோசு.

"ஏட்டி, உனக்கு முன்னாடி அவ போயிட்டு வந்துட்டா" என்று எசக்கி சீண்டினான். மற்ற நாளாக இருந்தால் வாயிலேயே போட்டிருப்பேன். அன்று கேட்டுக்கொண்டு போய்விட்டேன். எனக்கு நிஜமாகவே அந்தத் தண்ணீர்ப் பை மேல் பொறாமையாக இருந்தது.

காலிக் கட்டம்

மனிதர்கள் ஏறும் நாள் வந்தது. தை பிறந்திருந்தது, காலையில் இன்னும் லேசாகக் குளிர். நடைமேடையில் கையெழுத்துக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நான் கீழே, துணியும் வாளியுமாக, தண்ணீர்ப் பைகள் கசிந்த இருக்கைகளைத் துடைத்துவிட்டு வந்து ஓரமாக நின்றேன்.

"ரோஸ்லின், இங்க வா."

தாமோதரன் சார் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். பக்கம் புரட்டினார். இணைப்புத் தாள் எல்லாவற்றிலும் சென்னை ஆபீஸ்காரர் கையெழுத்து. பதினாலில் மட்டும் கட்டம் காலியாக இருந்தது.

"அவரு போட வந்தாரு. நான்தான் வேணாம்னேன்" என்றார். "இது நெறஞ்சாதான் வண்டி கெளம்பும். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க." பேனாவை நீட்டினார்.

வாங்கினேன். சந்தோஷத்தில் கட்டம் கண்ணில் ஆடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் என்னையே பார்க்கிறார்கள். ஒரு விநாடியில் போட்டுவிடலாம். பதினொரு நாளில் நானே பார்த்த இணைப்புதான், அசையவில்லை என்று நானே கத்தியதுதான். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை முறை வண்டி அதன்மேல் ஓடியிருக்கிறது.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "சார், மேல போயி பாத்துட்டு வந்து போடுறேன். கொஞ்சம் லேட்டாவும்."

அவர் தலையைக் குகைப் பக்கம் ஆட்டினார்.

ஓடினேன். குகைக்குள் லிஃப்ட் மேடை தயாராக நின்றது. மேடையில் இயந்திரத்தோடு எசக்கி.

"நீ எப்படிடா இங்க?"

"சார் விடிஞ்சதும் போயி நிக்கச் சொல்லிட்டாரு. அவ வருவா, நில்லுன்னாரு. வருவியா மாட்டியான்னு நாந்தான் சந்தேகப்பட்டேன். ஏறு, ஏறு."

பன்னிரண்டு முறை இயந்திரம் உறுமியது. பன்னிரண்டு முறையும் போல்ட் அப்படியே இருந்தது, ஒரு மயிரிழைகூட நகரவில்லை. இறங்கி வந்து, கட்டத்துக்குள் முழுப் பெயராக எழுதினேன். மூச்சிரைப்பில் எழுத்துகள் கோணல் மாணலாக வந்தன. சார் கையெழுத்தை ஒருமுறை படித்தார். கோப்பை மூடினார்.

"போயி ஒக்காரு. மூணாவது வரிசைதான?"

அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு நேரமில்லை. ஓடிப் போய் உட்கார்ந்தேன். மார்புக்குக் குறுக்கே கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. சார் முதல் வரிசையில் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது.

கடகடவென்று சங்கிலி எங்களை மேலே இழுத்தது. முதுகு சாய்ந்து, முகத்துக்கு நேரே வானம் மட்டும். பக்கத்தில் இருந்த எலெக்ட்ரிக்கல்காரர் கந்த சஷ்டியை ஆரம்பித்துவிட்டார், நான் அருள் நிறைந்த மரியேவை ஆரம்பித்தேன். இரண்டும் பாதியில் இருக்கும்போது உச்சி வந்தது. கோபுரம், கார்கள், நெடுஞ்சாலை, எல்லாம் ஒரு விநாடி கண்ணில் பட்டன. அப்புறம் காலுக்கடியில் எதுவுமே இல்லை.

விழுந்தோம். வயிறு எங்கேயோ பின்னால் தங்கிவிட்டது. காற்று வாய்க்குள் புகுந்து கத்த விடவில்லை. வானம் காலடிக்கு வந்தது, திரும்பித் தலைக்குப் போனது. கண்ணிலிருந்து தண்ணீர் காதை நோக்கி ஓடியது. குகை வாயைத் திறந்துகொண்டு வந்தது, உள்ளே கும்மிருட்டு. என் உடம்பு முழுக்கக் காதாகக் கேட்டேன். ஒரு தட்டல் இல்லை, ஒரு உதறல் இல்லை. பதினாலு எப்போது போனது என்றே தெரியாமல் போய்விட்டது. வெளிச்சத்துக்கு வந்ததும் கத்தினேன் பாருங்கள், அப்படி ஒரு கத்தலை என் வாழ்க்கையில் கத்தியதில்லை. பயம் இல்லை அது. சந்தோஷம், சந்தோஷம், வேறொன்றும் இல்லை.

வண்டி நடைமேடைக்கு வந்து நின்றது. கம்பிகள் விடுபட்டன. எசக்கியும் எல்லப்பன் அண்ணனும் கை தட்டினார்கள். எங்களில் ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. முன்னால் தாமோதரன் சாரின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமல், விடுபட்ட கம்பியைத் தானே இழுத்துப் பூட்டிக்கொண்டு, ஆபரேட்டரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னொண்ணு."